அங்கே அருங்காட்சியகம், இங்கே கூரைத்துணி! - சினிமா போஸ்டரின் கதை

சினிமா பார்க்கக் காசு வேண்டும். சினிமா போஸ்டர் பார்க்கக் காசு வேண்டாம்!

தாராவியிலிருந்து நடந்தே வேலைக்குப் போன தொழிலாளியும் அதைப் பார்த்தார். செம்பூரில் மின்சார ரெயில் ஏறி, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே வி.டி.க்குப் போன குமாஸ்தாவும் பார்த்தார். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. பாஷை தெரிய வேண்டியதில்லை. நின்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் அந்தப் போஸ்டரைக் "கலை" என்று யாராவது சொன்னால் பலருக்குச் சிரிப்புதான் வரும். இன்று ஒட்டுவார்கள், நாளை மழையில் கரையும், மாடு தின்னும், அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேலேயே இன்னொரு படத்தின் போஸ்டர் ஏறும். இதில் என்ன கலை?

போலந்து நாட்டு மக்கள் அப்படி நினைக்கவில்லை. அந்த நாட்டின் தலைநகர் வார்சா. அங்கே வில்லானுவ் அரண்மனை வளாகத்தில், போஸ்டர்களுக்கென்றே 1968ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகத்தில் போஸ்டருக்காக ஏற்பட்ட முதல் அருங்காட்சியகம் அதுதான் என்கிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1966ல், பல நாட்டுப் போஸ்டர்களை வரவழைத்து வார்சாவில் பெரிய போட்டிக் கண்காட்சி நடத்தினார்கள்.

அங்கே மாலை மரியாதை. இங்கே மாட்டுக்குத் தீனி. ஏன் இந்த வித்தியாசம்? பம்பாய் போஸ்டர் மட்டம், போலந்து போஸ்டர் உசத்தி என்பதாலா? இல்லவே இல்லை!

இடிந்த நகரில் பிறந்தது

இரண்டாம் உலகப்போரில் வார்சா நகரின் பெரும்பகுதி தரைமட்டமாகிவிட்டது. போர் முடிந்ததும் போலந்தில் சினிமாத் தொழிலை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் படங்களை வாங்குவதும், திரையிடுவதும், விளம்பரம் செய்வதும் அரசாங்கத்தின் வேலை.

போஸ்டர் எழுத ஓவியர்கள் வேண்டுமே! ஹென்றிக் டோமஷெவ்ஸ்கி, எரிக் லிப்பின்ஸ்கி போன்றவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்.

"நடிகர், நடிகை முகத்தைப் பெரிதாகப் போட்டு வழக்கம்போல வரைய மாட்டோம். எங்கள் இஷ்டப்படி வரைவோம்" என்பதுதான் அந்த நிபந்தனை.

அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. தியேட்டர் அரசாங்கத்துடையது, படமும் அரசாங்கத்துடையது. எதிர்த் தியேட்டரோடு போட்டியில்லை. போஸ்டரைப் பார்த்துத்தான் டிக்கெட் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1948ல் வியன்னா நகரில் நடந்த சர்வதேசப் போஸ்டர் கண்காட்சியில் டோமஷெவ்ஸ்கி ஐந்து முதல் பரிசுகளைத் தட்டிக்கொண்டு வந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது!

முகம் இல்லாத போஸ்டர்

அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய ஓவியர் கூட்டமே கிளம்பியது. யான் லெனிட்சா, வால்டெமார் ஷ்வியேஜி, ரோமன் செஷ்லெவிச், விக்டர் குர்கா என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம்.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள இரண்டு உதாரணம் போதும்.

ஹிட்ச்காக் எடுத்த "வெர்ட்டிகோ" உலகப் புகழ்பெற்ற மர்மப் படம். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒருவனின் கதை. அதற்கு 1963ல் செஷ்லெவிச் ஒரு போஸ்டர் செய்தார். அதில் கதாநாயகன் இல்லை, கதாநாயகியும் இல்லை. ஒரு மண்டை ஓடு. அதன்மேல் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். பார்க்கிறவனுக்கே தலை சுற்றும்!

"காபரே" என்று ஓர் அமெரிக்கப் படம். இட்லர் ஆட்சிக்கு வரும் காலத்து ஜெர்மனியில், ஒரு நடன விடுதியில் நடக்கும் கதை. குர்கா 1973ல் அதற்கு வரைந்த போஸ்டரில், நடனப் பெண்ணின் கால்களையே வளைத்து வளைத்துச் சேர்த்து, இட்லரின் சுவஸ்திகா சின்னமாக ஆக்கிவிட்டார். ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே ஆபத்து வருகிறது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார்.

நடித்தவரின் முகத்தைக் காட்டுவது போலந்து போஸ்டருக்கு முக்கியமில்லை. படம் எதைப் பற்றியது என்று சொல்லும். ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தும் இருக்கும்.

பம்பாயில் முகமே பிரதானம்

இந்தியாவின் கதை வேறு. தாதாசாகேப் பால்கே எடுத்த "ராஜா ஹரிச்சந்திரா" 1913 மே 3ந்தேதி பம்பாய் காரனேஷன் தியேட்டரில் திரையிடப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படப் போஸ்டரும் வந்துவிட்டது. கோலாப்பூர்க்காரரான பாபுராவ் பெயிண்டர், படமும் எடுப்பார், படமும் வரைவார். அவருடைய "கல்யாண் கஜினா" படத்துக்கு 1924ல் வந்த போஸ்டர்தான், இன்று மிஞ்சியிருக்கும் இந்தியப் போஸ்டர்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது.

இங்கே படம் எடுப்பவர் கடன் வாங்கி எடுத்தார். எதிர்த் தியேட்டரில் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். பம்பாயோ பல பாஷைக்காரர்களின் ஊர்! இந்திப் படப் போஸ்டரில் பெயரை இந்தி, உருது, ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் போட்டார்கள். மூன்றுமே தெரியாதவர் என்ன செய்வார்?

அவருக்காகத்தான் அந்த முகம்!

திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கி, இந்தியில் நாலு வார்த்தைகூடத் தெரியாத ஒருவர், போஸ்டரைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வார். சிவந்த முகம் என்றால் கோபம். நீலம் படிந்த முகம் என்றால் சோகம். மூலையில் துப்பாக்கி இருந்தால் சண்டை. நடுவில் அம்மா அழுதால் கர்சீப் இரண்டு கொண்டு போக வேண்டும்!

ஆக, போலந்து ஓவியர் படித்தவனை யோசிக்க வைத்தார். பம்பாய் ஓவியர் படிக்காதவனுக்குக் கதை சொன்னார். இரண்டுமே சுலபமான வேலை அல்ல.

அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் பம்பாயில் இருந்தார்கள். குல்பர்காவில் பிறந்த எஸ்.எம். பண்டிட், மெட்ரோ தியேட்டருக்கு வந்த ஆங்கிலப் படங்களுக்கு விளம்பர ஓவியம் தீட்டிப் பெயர் வாங்கினார். திவாகர் கர்க்கரே என்பவர், 1975ல் வந்த "தீவார்" படத்தின் போஸ்டரைச் செய்தவர். தூரிகையோடு கத்தியையும் பிடித்தவர் அவர். வண்ணத்தைக் கத்தியால் அப்பி, அமிதாப்பச்சனின் முகத்தில் கோபத்தைக் கொண்டுவந்தார். துறைமுகத் தொழிலாளி ஒருவனின் கதையான அந்தப் படம்தான், 1981ல் ரஜினிகாந்த் நடிக்கத் தமிழில் "தீ" ஆனது.

சதுர அடிக்கு நாலணா

1930களில் பம்பாய்த் தெருக்களில் சாரத்தின் மேல் ஏறி நின்று சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தார் ஓர் இளைஞர். பண்டரிபுரத்தில் பிறந்தவர். கையில் காசு கிடையாது. சதுர அடிக்கு நாலணா, ஆறணாதான் கூலி என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர்தான் எம்.எப். உசேன்!

1947ல் பம்பாயில் தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழுவில் அவரும் ஒருவர். 1991ல் பத்மவிபூஷண் விருது வந்தது. அவருடைய ஓவியங்கள் கோடிக்கணக்கில் விலை போயின. ஆனாலும் சினிமா ஆசை போகவில்லை. 2000ல் மாதுரி தீட்சித்தை வைத்து "கஜகாமினி" என்று ஒரு படமே எடுத்தார். 2011ல் லண்டனில் காலமானார்.

உசேன் ஒருவர் ஏணியில் ஏறிப் போனார். அதே சாரத்தில் அவர் பக்கத்தில் நின்று, அதே நாலணாவுக்கு வரைந்த மற்றவர்களின் பெயர்கள்? ஒருவருக்கும் தெரியாது.

கட்டம் போட்டு வரைந்த கை

பேனர் வரைவது லேசான காரியமில்லை.

பட முதலாளியிடமிருந்து ஒரு சின்ன ஸ்டில் போட்டோ வரும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுவார்கள். முரட்டுத் துணிகளை ஒன்றாகத் தைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளைப் பூச்சுக் கொடுப்பார்கள். அந்தத் துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். போட்டோவில் ஒரு கட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ, அதைத் துணியின் கட்டத்துக்குள் பெரிதாக்க வேண்டும்.

20 அடி முகம் என்றால், ஒரு கண் மட்டுமே கிட்டத்தட்ட மூன்றடி! பக்கத்தில் நின்று வரைகிறவருக்கு அது கண்ணாகத் தெரியாது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு திட்டுத்தான் தெரியும். கீழே இறங்கி, தெருவைத் தாண்டி நின்று பார்த்து, மறுபடி ஏறித் திருத்துவார்.

ஆணி அடித்து, வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துக் கொடுத்துப் பழகிய பையன், சில ஆண்டுகள் கழித்துப் பின்னணி வர்ணம் பூசுவான். அப்புறம் எழுத்து, அப்புறம் சட்டை, புடவை. முகம் மட்டும் வாத்தியார் கை! அந்த முகத்தைத் தொட ஒருவனுக்குப் பத்து வருடமும் ஆகலாம்.

இவ்வளவு பாடுபட்டு வரைந்த பேனர் எத்தனை நாள் இருக்கும்? படம் ஓடும்வரை! அப்புறம் அதே துணிக்கு வெள்ளையடித்து அடுத்த படம் வரைவார்கள். துணி நைந்துபோனால் விற்றுவிடுவார்கள். எண்ணெய் வர்ணம் ஏறிய துணியில் மழை இறங்காது அல்லவா? குடிசைக்குக் கூரைத்துணியாகப் போய்விடும். நட்சத்திரத்தின் முகத்துக்குக் கீழே ஒரு குடும்பம் மழைக்காலத்தை ஓட்டியிருக்கும்.

அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த ஓவியம் உலகத்தில் எத்தனை உண்டு? ஆனால் ஓவியம் அழிந்துபோனது என்னவோ உண்மை.

பெயர் போட்ட சட்டம்

தாளில் அச்சடித்த போஸ்டரில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு.

1922ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும், ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டியதாயிற்று. லேபிள் அச்சடிக்க அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. சினிமா போஸ்டரும் வந்தது. கந்தக பூமி வண்ண பூமியாகிவிட்டது.

சென்னையிலோ கட்-அவுட் வானத்தைத் தொட்டது. 1957ல் "வணங்காமுடி" வெளியானபோது, சித்ரா தியேட்டர் வாசலில் சிவாஜிகணேசனுக்கு வைத்த கட்-அவுட் 80 அடி உயரம் என்பார்கள்!

பழைய போஸ்டரின் அடியோரத்தைப் பார்த்தால், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சடித்த தாளில் அது இருக்க வேண்டும் என்று 1867ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் சொன்னது. ஏதாவது வில்லங்கம் என்றால் ஆளைப் பிடிக்க வேண்டுமே! அச்சடித்தவர் பெயரைப் போட வைக்கச் சட்டம் இருந்தது. வரைந்தவர் பெயரைப் போட எந்தச் சட்டமும் இல்லை. பண்டிட், திவாகர் போன்ற பெரிய கைகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டன. மற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மாட்டுங்காவில் தமிழ் எழுத்து

தமிழ்ப் போஸ்டர் பம்பாய்க்கும் வந்தது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து அரோரா தியேட்டரைப் பம்பாய்த் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் அங்கே தமிழ்ப் படங்கள் ஓடின.

கடைப் பலகையில் மராத்தி, ஆபீசில் ஆங்கிலம், பஸ்சில் இந்தி என்று இருந்த ஊரில், சுவரில் பெரிதாகத் தமிழ் எழுத்தைப் பார்ப்பதே ஒரு தெம்பு. படத்துக்குப் போகக் காசு இல்லாதவரும் அந்த எழுத்தைப் படித்துவிட்டுப் போவார். ஊரில் என்ன படம் ஓடுகிறது என்பதைக் கடிதத்துக்கு முன்னாலேயே போஸ்டர் சொல்லிவிடும்.

2016ல் "கபாலி" வந்தபோதும் அரோராவில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. அந்தக் காலத்துப் பேனர்களில் இருந்தது கம்ப்யூட்டர் அச்சு.

ஓட்டுக் கேட்ட போஸ்டர்

போஸ்டர் டிக்கெட் மட்டும் விற்கவில்லை. ஆட்சியையும் மாற்றியிருக்கிறது!

1967 ஜனவரி 12ந்தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் பொதுத்தேர்தல். அவரால் பிரசாரத்துக்குப் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் போஸ்டர் போயிற்று. கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஜி.ஆர். படம் தமிழ்நாட்டின் சுவர்களில் எல்லாம் ஏறியது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்தார். தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியும் போயிற்று.

இதேபோல ஒன்று போலந்திலும் நடந்தது. 1989 ஜூன் 4ந்தேதி அங்கே தேர்தல். தொழிலாளர்களின் "சாலிடாரிட்டி" இயக்கம் ஆளும் கம்யூனிஸ்டு கட்சியை எதிர்த்து நின்றது. டோமாஷ் சர்னெட்ஸ்கி என்ற இளம் ஓவியர் ஒரு போஸ்டர் செய்தார்.

"ஹை நூன்" என்ற அமெரிக்கப் படத்தில், தன்னந்தனியாக வில்லன்களை எதிர்த்து நடந்துவரும் போலீஸ் அதிகாரியாகக் கேரி கூப்பர் நடித்திருப்பார். அந்த உருவத்தையே எடுத்துக்கொண்டார். கையில் துப்பாக்கி இல்லை, ஓட்டுச்சீட்டு! சட்டையில் சாலிடாரிட்டி பேட்ஜ்!

இரண்டு சுற்றுத் தேர்தலும் முடிந்தபோது, மேல்சபையின் 100 இடங்களில் 99ஐ சாலிடாரிட்டி பிடித்தது. கீழ்சபையில் போட்டியிட அனுமதித்த 161 இடங்களும் அதற்கே!

முகமே வேண்டாம் என்று தொடங்கிய போலந்து, நெருக்கடி வந்தபோது ஒரு நடிகரின் உருவத்தைத்தான் நாடியது. மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். போஸ்டரை ஒட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. வார்சா ஓவியருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே முடிவு

அந்தத் தேர்தலுக்குப் பிறகு போலந்தில் சினிமா வியாபாரம் தனியாரிடம் போயிற்று. அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் போட்டோ போஸ்டர்களையே அனுப்பின. ஓவியர்களுக்கு வேலை குறைந்தது.

இங்கே ஆட்சி மாற வேண்டியிருக்கவில்லை. மெஷின் வந்தது, அதுவே போதுமாயிருந்தது! 1990களின் கடைசியிலிருந்து பிளெக்ஸ் பேனர் பரவியது. பத்து நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டது. பேனர் ஓவியர்கள் கடைப் பலகை எழுதப் போனார்கள். சிலர் தூரிகையையே கீழே வைத்துவிட்டார்கள்.

பம்பாய் கிராண்ட் ரோடு பக்கத்தில் ஆல்பிரட் என்று ஒரு பழைய தியேட்டர். பழைய படங்களைத் திரையிட்ட அந்தத் தியேட்டருக்குக் கையாலேயே பேனர் எழுதிவந்தவர் ஷேக் ரகுமான். அவரைப் பற்றி ஜெர்மனிக்காரர்கள் 2015ல் "ஒரிஜினல் காப்பி" என்று ஒரு செய்திப்படம் எடுத்தார்கள். கோவையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர் ஜீவா, சினிமாவைப் பற்றித் "திரைச்சீலை" என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்குத் தேசியத் திரைப்பட விருதுகளில் பாராட்டுக் கிடைத்தது.

முடிவு ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. போலந்தில் கலை நின்றபோது, அதுவரை வரைந்தது அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. இங்கே கலை நின்றபோது, வரைந்ததும் கூடவே போய்விட்டது.

மிஞ்சியது எங்கே?

மிஞ்சியது கொஞ்சம் உண்டு. புனாவில் 1964ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் பழைய போஸ்டர்களைச் சேர்த்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2002ல் இந்திய சினிமா விளம்பரக் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. மும்பை பெடர் ரோட்டில் 2019ல் இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்ட நல்ல இடம் அது. போகும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

சோர் பஜார் மட்டன் தெருவிலும் பழைய போஸ்டர் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய படத்தைப் புதிதாக அச்சடித்து "ஒரிஜினல்" என்று தலையில் கட்டுவதுண்டு. பழைய போஸ்டர் என்றால் தாள் மெலிந்து பழுப்பேறியிருக்கும். மடித்து அனுப்பிய தழும்பு தெரியும். அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும்.

காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாள், அலமாரியின் பின்பக்கம் ஒட்டிய படம், டீக்கடையின் உள்சுவரில் புகையேறிக் கிடக்கும் எம்.ஜி.ஆர்., சிவாஜி - இவை யாரோ ஒரு தொழிலாளி, முகம் தெரியாமல், பெயர் போடாமல் செய்த வேலை. கிழித்து எறியும் முன் ஒருமுறை விரித்துப் பார்க்கலாம்.

அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால், அவரைக் கேட்டு அதன் பின்பக்கத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது!